கார் குளிர்விப்பும் வீட்டுப் பழுதுபார்ப்பும்: ஒரு வரலாறு

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர்களில் வெப்பமாக இறங்குகிறது. அதை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் எண்ணெயின் வழுக்குத்தன்மை போய்விடும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். சிலிண்டர் ஹெட் வளையும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரப்பர் ஹோஸ், பேன் பெல்ட், மூடி ஆகியவை அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்காக வந்தவை. இவை எல்லாமே எஞ்சினுக்கு முன்பாகத் தேய்ந்துபோகும் பாகங்கள். ஆகவே காரின் ஆயுளுக்குள் ஒரு முறையாவது, பெரும்பாலும் பல முறை, மாற்ற வேண்டியவை. இந்த மாற்றும் வேலையைக் கார் வைத்திருந்தவரே செய்த காலமும் உண்டு, பட்டறைக்காரர் இல்லாமல் நடக்காத காலமும் உண்டு. எந்தக் காலத்தில் எது என்பதைத் தீர்மானித்தது உரிமையாளரின் திறமை மட்டுமல்ல. அந்தப் பாகம் என்ன உலோகத்தால் செய்யப்பட்டது, எங்கே பொருத்தப்பட்டது, அதை எது இயக்கியது என்பவையே பெரிதும் தீர்மானித்தன.

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நின்ற நீர் கொதித்து ஆவியாகப் போகும். போன அளவுக்கு மீண்டும் ஊற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அந்த வகை வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் விடுதிகளிலும் கிணறுகளிலும் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்ததும் அவரேதான். காரின் முதல் நீண்ட பயணத்திலேயே குளிரவைக்கும் பொறுப்பு ஓட்டியவர் தலையில்தான் இருந்தது. அன்று அதற்கு வேண்டிய கருவி ஒரு வாளி மட்டுமே.

அந்த வாளிக்கு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மைபாக். டைம்லர் நிறுவனத்தின் வடிவமைப்பாளரான அவர், 1890களின் இறுதியில் சிறு குழாய்களும் விசிறியும் கொண்ட ரேடியேட்டரைச் செய்தார். டைம்லர் கார்களை விற்ற வணிகர் எமில் யெல்லினெக் கேட்டுக்கொண்டபடி உருவாகி 1901இல் நீஸ் நகரப் பந்தயங்களில் ஓடிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்காக அதை இன்னும் செம்மைப்படுத்தினார். ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070ஐ அடுக்கிப் பற்றவைத்த அந்தத் தேன்கூட்டு ரேடியேட்டரில், காற்று குழாய்களுக்குள்ளே போகும், நீர் அவற்றின் இடுக்குகளில் இறங்கும். எஞ்சினைக் குளிரவைக்க ஒன்பது லிட்டர் நீரே போதுமானதாக ஆயிற்று. முன்பு அதைப் போல இருமடங்கு தேவைப்பட்டது. இன்றைய கார் ரேடியேட்டர்கள் எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான். ஆனால் அத்தனை ஆயிரம் ஈயப்பற்றுகளில் ஒன்று விட்டுப்போனாலும் நீர் ஒழுகும். ஒழுகலை அடைக்கச் சாலையோரக் கிணறு உதவாது. உலோகத்தைச் சூடாக்கி ஈயம் பற்றவைக்கத் தெரிந்த கை வேண்டும். ரேடியேட்டர் பட்டறை என்ற தனித்தொழிலுக்கான தேவை அங்கேயே தொடங்கிவிட்டது.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி இதற்கு நேர்மாறான திசையில் போனது. 1908இல் தொடங்கி வந்த முதல் 2,500 அளவு கார்களில் வாட்டர் பம்ப் இருந்தது. அதன்பின் பம்பையே எடுத்துவிட்டார்கள். சூடான நீர் இலேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும் என்ற இயல்பை மட்டும் நம்பி எஞ்சின் ஓடியது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் இந்த ஏற்பாட்டுடன் வெளிவந்தன. பம்ப் இல்லாததால் கெட்டுப்போக பம்பும் இல்லை. மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ், நடுவே ரேடியேட்டர், அடியில் நீரைத் திறந்துவிட ஒரு சிறு குழாய். மின்சாரமே வராத பண்ணைகளில், ஸ்பேனரும் திருப்புளியும் தவிர வேறொன்றும் இல்லாத விவசாயிகள் ஹோஸை மாற்றினார்கள், ரேடியேட்டரைக் கழற்றி மாட்டினார்கள். எளிமையைத் தரமாக எண்ணிச் செய்யப்பட்ட பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மேட்டில் ஏறும்போது அது கொதித்தது உண்மைதான். அதற்காகவே மாடல் டியில் பொருத்தத் தனியாக வாட்டர் பம்ப் விற்ற வணிகமும் நடந்தது. ரேடியேட்டர் மூடியின் மேலேயே வெப்பமானியைப் பொருத்தி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும்படி செய்த பாய்ஸ் மோட்டோமீட்டரும் 1910களின் தொடக்கத்தில் பிறந்ததே.

சிறு ஒழுகலுக்கு அமெரிக்க ஓட்டுநர்கள் ஓட்ஸ் மாவையும் தவிட்டையும் ரேடியேட்டருக்குள் கொட்டினார்கள். இந்தியாவில் அதே வேலைக்கு மஞ்சள் தூள் பயன்பட்டது, இன்றும் நெடுஞ்சாலையில் பயன்படுகிறது. துகள்கள் நீரோடு ஓடி ஓட்டையில் சிக்கி ஊறி அடைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேர அது உதவும். ஆனால் அதே துகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும் என்பதால், போய்ச் சேர்ந்ததும் முழுவதையும் கழுவி எடுக்காதவர்கள் அடுத்த கோடையில் பெரிய செலவைச் சந்தித்தார்கள்.

வீட்டு வேலையை எளிதாக்கிய இரண்டு கண்டுபிடிப்புகள் எஞ்சினுக்கு வெளியே நடந்தவை. முதலாவது, 1917இல் அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் செய்த ஆப்பு வடிவ ரப்பர் பெல்ட். அதுவரை விசிறியைச் சுழற்றிய தோல் பட்டை நீளும், வழுக்கும், நனைந்தால் பயன்படாது. ஆப்பு வடிவப் பெல்ட்டோ புல்லியின் பள்ளத்தில் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டது. டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, பழைய பெல்ட்டை எடுத்து, புதியதை மாட்டி, டைனமோவை நெம்பி இழுத்துப் போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. இரண்டாவது, இங்கிலாந்துக் கடற்படையில் பணியாற்றிய லம்லி ராபின்சன் 1921இல் காப்புரிமை பெற்ற ஜூபிலி கிளிப். எஃகுப் பட்டையில் வெட்டிய வரிகளில் ஒரு திருகு கடித்துக்கொண்டு நகரும். திருப்புளியால் திருகத் திருகப் பட்டை ஹோஸை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுக்கும். அதற்கு முன் கம்பியை முறுக்கியோ, ஒரே இடத்தில் போல்ட் போட்ட பட்டையாலோ கட்டினார்கள். முறுக்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நீர் கசியும். ஹோஸ் மாற்றுவதை யாராலும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலையாக்கியதில் இந்தச் சிறு கிளிப்புக்கு உள்ள பங்கைக் கார் வரலாற்று நூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

வாட்டர் பம்ப் திரும்பி வந்தபோது வேறு விதமான பழுதைக் கொண்டுவந்தது. 1927 இறுதியில் வந்த ஃபோர்டின் மாடல் ஏ காரில், சுழலும் தண்டைச் சுற்றிக் கிராஃபைட் தடவிய கயிறு அடைக்கப்பட்டு, மேலே ஒரு நட்டால் அழுத்தப்பட்டது. நீர் சொட்டத் தொடங்கினால் நட்டைக் கால் சுற்று முடுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும். இரண்டையும் உரிமையாளரே செய்யலாம். பின்னர் சுருள்வில்லால் அழுத்தப்படும் கரிச் சீலும், கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்கும் பரவின. அவை பல ஆண்டுகள் தொடவே தேவையின்றி ஓடின. போனால் பம்ப்பையே மாற்ற வேண்டும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர் கசிந்த கறை தெரிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அப்போதே மாற்றாவிட்டால் பேரிங்கும் சேர்ந்து போகும்.

தெர்மோஸ்டாட்டின் கதை இன்னும் கவனத்துக்குரியது. எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கெடும்: பெட்ரோல் முழுமையாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெயைக் கழுவும், எண்ணெயில் ஈரம் சேர்ந்து சகதியாகும். 1914இல் அறிமுகமான காடிலாக் வி-8 காரில், நீர் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாத தானியங்கி வால்வு இருந்தது. தொடக்கத் தெர்மோஸ்டாட்டுகள் ஆவியாகும் திரவம் நிரப்பிய பித்தளைத் துருத்திகள். 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர், உருகும்போது விரியும் மெழுகைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று காட்டினார். குளிர்விப்பு அமைப்பு முழுவதையும் அழுத்தத்தில் இயக்கும் வழக்கம் வந்தபின், சுற்றியுள்ள அழுத்தம் துருத்தியின் கணக்கைக் குழப்பியது. மெழுகை அது பாதிக்கவில்லை. அதனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மெழுகு வகை துருத்தியின் இடத்தைப் பிடித்தது.

அந்த அழுத்தத்தை உண்டாக்கியது மூடி. சாதாரணமாக 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் நீர், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரியைத் தொட்ட பிறகே கொதிக்கும். ஆகவே சிறிய ரேடியேட்டரே போதும் என்றாயிற்று. மூடிக்குள் சுருள்வில் வைத்த ஒரு வால்வு அழுத்தம் மிஞ்சினால் திறக்கும். நடுவிலுள்ள குட்டி வால்வு, எஞ்சின் ஆறி உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது திறக்கும். மாற்றுவதற்கு இதைவிட எளிய பாகம் காரில் இல்லை. வீட்டில் நடந்த மோசமான விபத்துகளுக்கும் இதுவே காரணம். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தவர்களின் முகத்திலும் கைகளிலும் கொதிநீர் பீறிட்டது. அழுத்தமில்லாத பழைய கார்களில் பழகியவர்களுக்கு இந்த ஆபத்து புரிய நாளாயிற்று. இந்த மூடிக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் நடத்திவந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பை விட்டுவிட்டபோது, டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் பாஸனர்ஸ் அந்த இயந்திரங்களை வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு இங்கிருந்து மூடிகள் போயின. இந்திய வாகன உதிரிபாகத் தொழில் உலகத் தரத்தை எட்டியதற்கு அன்று பலரும் காட்டிய எடுத்துக்காட்டு அது.

குளிர்நாடுகளில் உரிமையாளருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உறைந்த நீர் விரிந்து வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் பிளந்துவிடும் என்பதால், பனிக்கால இரவுகளில் நீரைத் திறந்துவிட்டுக் காலையில் மீண்டும் ஊற்றினார்கள். உறையாமல் இருக்கச் சாராய வகைகளைக் கலந்தால் அவை ஆவியாகிப் போயின. 1927இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த எத்திலீன் கிளைக்கால் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. துருத் தடுப்பானும் சேர்ந்ததும் அதுவே இன்றைய கூலன்ட் ஆயிற்று. உறைபனியே காணாத ஊர்களுக்கும் கூலன்ட் தேவைப்படுவது இந்தத் துருத் தடுப்புக்காகவும் உயர்ந்த கொதிநிலைக்காகவும்தான். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு என்பதால், திறந்துவிட்ட கூலன்ட்டைத் தரையில் தேங்கவிடுவது குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் ஆபத்து. வீட்டில் மாற்றுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

போருக்குப் பின் பிரிட்டனில் வீட்டுப் பழுதுபார்ப்பு ஒரு இயக்கமாகவே வளர்ந்தது. ஜான் ஹேன்ஸ் பள்ளி மாணவராக இருந்தபோதே 1956இல் ஆஸ்டின் 7 காரைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதினார். பின்பு விமானப்படைப் பணியில் ஏடனில் இருந்தபோது நண்பரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டைப் பிரித்துச் சேர்த்த அனுபவத்திலிருந்து, 1966இல் முதல் முழுமையான பட்டறைக் கையேட்டை வெளியிட்டார். ஒரு காரை உண்மையாகவே நட்டு நட்டாகக் கழற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, மீண்டும் பூட்டிக் காட்டுவது அவர் முறை. ‘குளிர்விப்பு அமைப்பு’ என்ற அத்தியாயம் இல்லாத கையேடு கிடையாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த மினி கார், இந்த வாசகர்களைச் சோதித்தது. பம்பையும் சிலிண்டர் ஹெட்டையும் இணைக்கும் கட்டைவிரல் நீள ஹோஸ் ஒன்று அதில் இருந்தது. சில பைசா பெறும் ரப்பர். ஆனால் அதை முறைப்படி மாற்ற பம்பைக் கழற்ற வேண்டும், பம்பைக் கழற்ற ரேடியேட்டரை அசைக்க வேண்டும். பிறகு மடிப்பு மடிப்பான ஹோஸ் வந்தது. அதை நசுக்கி இடுக்கில் நுழைத்துவிடலாம். பாகத்தின் விலைக்கும் அதை மாற்றும் சிரமத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகும் போக்கின் தொடக்கத்தை இங்கே பார்க்கலாம்.

இந்தியாவில் சூழல் வேறு. 1950களின் இறுதியில் உத்தரபாராவில் தொடங்கி 2014 மே வரை தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட், சென்னைக்கு அருகே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே கார்கள் சந்தையில். புதிய கார் பதிவு செய்தால் வர ஆண்டுக்கணக்கில் ஆகும். இருக்கிற காரைக் காப்பாற்றுவது கட்டாயம். ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் முன்னோக்கித் திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஹோஸையும் பம்பையும் கழற்றலாம். வீட்டில் வேலை செய்வதற்கு இவ்வளவு வசதியான கார் அதன்பின் இந்தியாவில் வரவில்லை.

அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினில் தெர்மோஸ்டாட் சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில், மேல் ஹோஸ் வந்து சேரும் வளைகுழாய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கும். மாற்றுபவர் எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து தெர்மோஸ்டாட் மட்டத்துக்குக் கீழே நீரை இறக்குவார். மூன்று நட்டுகளைக் கழற்றினால் வளைகுழாய் வந்துவிடும். துரு பிடித்திருந்தால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்ட வேண்டும். வெளியே எடுத்த தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிச் சமையலறைப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றினால், அதன் மேல் பொறித்த டிகிரியில் அது திறக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து, மூன்று நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கி, நீர் ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ்கள் அடங்கும் வரை பார்த்தால் வேலை முடிந்தது.

ஆனால் இந்தியக் கார்களில் பெரும்பாலும் நடந்தது மாற்றுவது அல்ல, எடுத்தே எறிவது. வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்ற எண்ணம் பட்டறைகளில் வேரூன்றியிருந்தது. தவறான எண்ணம் அது. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் சுண்ணாம்புப் படிவு எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் ஏறியது. சலவைச் சோடா கரைத்துக் கழுவுவதும், ரேடியேட்டரைக் கழற்றி அடிவழியாக நீரைப் பாய்ச்சுவதும் வீட்டிலேயே நடந்த மருத்துவம்.

அதற்கும் அடங்காதது பட்டறைக்குப் போனது. ரேடியேட்டர் பட்டறைக்காரர் இரு வாய்களையும் ரப்பரால் அடைத்து, காற்றை ஏற்றி, நீர்த்தொட்டியில் முழுக்குவார். குமிழ் வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறிப்பார். அடைப்பு என்றால், மேல் டேங்க்கை ஊதுவிளக்கால் சூடாக்கிப் பிரித்து, ஒவ்வொரு தட்டைக் குழாய்க்குள்ளும் மெல்லிய எஃகுப் பட்டையை விட்டு உப்பைக் குத்தி எடுப்பார். நவச்சாரத்தில் தேய்த்த பற்றுக்கோலால் மீண்டும் ஈயம் ஓடவிட்டு மூடுவார். பித்தளையும் செம்பும் இதற்கெல்லாம் இடம் கொடுத்தன. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புதிய பாகத்துக்கு, புதுப்பேட்டை பழைய பாகத்துக்கு என்று இருந்தது. பம்ப்பை முழுதாக வாங்காமல் சீலும் பேரிங்கும் மட்டும் கொண்ட ‘கிட்’ வாங்கிப் பழைய உடலிலேயே ஏற்றுவது வழக்கம்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த உலகத்தை மாற்றத் தொடங்கியது. எஞ்சின் குறுக்காக அமர்ந்ததால் விசிறியை அதன் முனையில் பொருத்த வழியில்லை. வெப்பச் சுவிட்ச்சால் இயங்கும் மின்விசிறி ரேடியேட்டரிலேயே உட்கார்ந்தது. ஐரோப்பாவில் 1961இன் ரெனோ 4 முன்பே காட்டிய, தனி டேங்க் கொண்ட மூடிய கூலன்ட் சுற்று இங்கும் வழக்கமானது. தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் மறைந்தது. அதைவிட ஆழமான மாற்றம் உலோகத்தில் நடந்தது. 1970களின் நடுவிலிருந்து ஐரோப்பியக் கார்களில் செம்பு, பித்தளையின் இடத்தை அலுமினியக் குழாய்த்தொகுதியும் பிளாஸ்டிக் டேங்க்கும் பிடித்தன. எடை குறைந்தது, விலை குறைந்தது. பிளாஸ்டிக்கில் ஈயம் ஒட்டாது. அலுமினியத்தில் சாதாரணப் பற்றுக்கோல் வேலை செய்யாது. வெடித்த ரேடியேட்டரை முழுதாக மாற்றுவதுதான் வழி. ரேடியேட்டர் பட்டறைகள் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் வேலைகளுக்குள் சுருங்கின. வியப்பான பக்கவிளைவாக, ரேடியேட்டர் மாற்றும் வேலை ஒரு வகையில் வீட்டுக்கே திரும்பியது: இரண்டு ஹோஸ், நான்கு போல்ட், ஒரு மின்விசிறி இணைப்பு, இலேசான புதிய ரேடியேட்டர்.

வாட்டர் பம்ப் அப்படித் திரும்பவில்லை. பல எஞ்சின்களில் அதை, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டே சுழற்றுகிறது. பம்பை எடுக்க அந்தப் பெல்ட்டை எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடக்கூடும். பம்பும் பெல்ட்டும் ஒன்றாகவே மாற்றப்படுவது இதனால்தான். 2004இல் பிஎம்டபிள்யூ தன் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் பெல்ட்டே இல்லாத மின்சார பம்பை வைத்தது. எஞ்சின் கணினி சொல்லும் வேகத்தில் அது சுழலும்; மாற்றிய பின் காற்றை வெளியேற்ற, பம்பைத் தானாக ஓடவைக்கும் கட்டளை வரிசை தேவை.

மின்சாரக் கார்களில் குளிர்விப்பு மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. டெஸ்லா கார்களிலும், 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரிலும் மின்கலத்துக்கே திரவக் குளிர்விப்பு இருக்கிறது. ரேடியேட்டர், பம்ப், ஹோஸ், கூலன்ட் எல்லாம் உள்ளன. பக்கத்திலேயே உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஓடுவதால், பயிற்சி பெறாதவர் கை வைக்கக் கூடாத இடம் அது. வேலை இப்படி உரிமையாளர் கையை விட்டு விலகுவதற்கு எதிர்ப்பும் எழுந்தது. பழுதுத் தகவல்களைக் காரின் உரிமையாளருக்கும் தனிப்பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012இல் சட்டம் கொண்டுவந்தார்கள். இந்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென அமைத்த குழு, கைபேசி, வீட்டுச் சாதனம், விவசாயக் கருவி ஆகியவற்றோடு வாகனத்தையும் தன் வரம்பில் சேர்த்தது.